வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி: எஃப், லசோட்டா, ஐ-2, ஆர்2பி, எண்ணெய் ஊசி – யாருக்கு எது பொருந்தும்?

"லசோட்டா போடலாமா, ஆர்2பி போடலாமா? எது பவர் அதிகம்?" வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி ரகங்களைப் பற்றிக் கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் விட்டுப்போகின்றன. மருந்து உங்கள் கைக்கு வரும்வரை குளிரிலேயே இருந்ததா? வந்த மருந்து ஒவ்வொரு கோழிக்குள்ளும் போய்ச் சேருமா? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் எந்த ரகம் என்ற பேச்சே. வெயிலில் கிடந்து செத்த லசோட்டாவைவிட, ஒழுங்காகக் கண்ணில் விழுந்த எஃப் எவ்வளவோ மேல்.

## தேர்வுக்கு வேண்டிய அளவு நோய் விவரம்

வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட், நியூகாசில் மூன்றும் ஒரே நோய்தான். வைரஸ் உள்ளே போன 2 முதல் 15 நாள்களுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு நாளில், கோழி தூங்கி வழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கொறகொறவென்று சத்தம் வரும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சாகாமல் தப்பியதில் சிலது கழுத்து திருகி, வானத்தைப் பார்த்தபடி சுற்றும். தடுப்பூசியே போடாத மந்தையில் வீரியமான வைரஸ் புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடலாம். வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது.

இந்த வைரஸின் மேலுறையில் இணைவுப் புரதம் என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டாக வெட்டுப்பட்டால்தான் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியும். வீரியமான ரகங்களில் இந்தப் புரதத்தை உடம்பின் எந்த மூலையிலும் இருக்கும் நொதிகளே வெட்டிவிடும். அதனால் அவை மூளை, குடல், நுரையீரல் என்று எங்கும் பெருகுகின்றன. எஃப், லசோட்டா போன்ற சாதுவான ரகங்களை வெட்டக்கூடிய நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே உண்டு. ஆகவே அவை அங்கேயே கொஞ்சம் பெருகி, எதிர்ப்பாற்றலை எழுப்பிவிட்டு அடங்கிவிடும். தடுப்பூசி போட்ட நாலாம் நாள் கோழி தும்முவது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தடுப்பூசி நோயையும் சாவையும் தடுக்கிறது. வைரஸ் உள்ளே நுழைவதை முழுக்கத் தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழி தெம்பாகத் திரிந்துகொண்டே எச்சத்திலும் மூச்சிலும் வைரஸை வெளியே விடலாம். பெரிய கோழிகள் நன்றாக இருக்க, அதே முற்றத்தில் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் மட்டும் சாவது இப்படித்தான். மந்தைக்குள் பரவுவதே அடங்க வேண்டுமானால் குறைந்தது 85% கோழிகளிடமாவது போதிய எதிர்ப்புப்பொருள் இருக்க வேண்டும் என்பது ஆய்வுக் கணக்கு. பாதிக் கோழியைப் பிடித்துப் போட்டுவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கணக்கு உதைக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் குளிர்ச்சங்கிலி. உயிர்த் தடுப்பூசிகள் உறைநிலையில் உலர்த்திய மாத்திரை போலக் குப்பிக்குள் இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உங்கள் இடத்துக்கு அது ஐஸ் பெட்டியில் வருகிறதா, சட்டைப்பையில் வருகிறதா என்பது ரகத்தைவிடப் பெரிய விஷயம்.

அடுத்து, எத்தனை கோழி, என்னென்ன வயது. ஒரே நாளில் பொரித்த ஐயாயிரம் குஞ்சுக்கும், அடைக்கோழி, விடலை, குஞ்சு, கிழட்டுச் சேவல் எல்லாம் கலந்த இருபது உருப்படிக்கும் ஒரே பதில் கிடையாது. குப்பி 100, 200, 500, 1000 டோஸ் என்றுதான் வரும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது.

தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நன்றாக ஊசி போட்ட தாய்க்கோழியின் குஞ்சு அதை மஞ்சள்கருவிலிருந்து வாங்கிக்கொண்டே பிறக்கும். அது ஏறக்குறைய நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது அதிகமாக இருக்கும்போது உயிர்த் தடுப்பூசி போட்டால், வைரஸ் வேலை தொடங்குமுன்பே அமுக்கப்பட்டுவிடும். முதல் டோஸைப் பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் வைத்து, மூன்று நாலு வாரத்தில் பூஸ்டர் போடச் சொல்வது இதனால்தான். தாய் ஊசியே பார்க்காததாக இருந்தால் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

கடைசியாக, கோழியை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், நோய் எவ்வளவு அருகில் இருக்கிறது.

## எஃப், பி1: குஞ்சுக்கு முதல் டோஸ்

இருப்பதிலேயே சாது. ஒரு நாள் குஞ்சுக்கும் போடலாம். தும்மல் வந்தாலும் லேசாக வந்து போய்விடும். பலவீனம் என்னவென்றால், எழுப்பும் எதிர்ப்பாற்றலும் அதே அளவுக்குச் சாது. சில வாரங்களில் இறங்கிவிடும். இதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குத்தான் இரண்டு மாதத்தில் ஏமாற்றம் காத்திருக்கிறது. பூஸ்டர் போடும் உத்தேசம் இல்லையென்றால் எஃப் போட்டதை முழுப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள்.

## லசோட்டா: பூஸ்டருக்கு முதல் பெயர்

1946-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பண்ணையில் கிடைத்த வைரஸ் இது. இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப், பி1 ரகங்களைவிட அழுத்தமாக வேலை செய்யும். தும்மலும் அந்த அளவுக்கு அதிகம். கொட்டகையில் மைக்கோபிளாஸ்மா, அதாவது நாள்பட்ட சளி, ஏற்கெனவே இருந்தால் லசோட்டா போட்ட ஒரு வாரத்தில் அது கிளறிவிடப்படும். பின்னாலேயே ஈ.கோலை பாக்டீரியா நுழைந்து காற்றுப்பை அழற்சி வரும். "லசோட்டா போட்டேன், கோழி செத்துப்போச்சு" என்ற புகார்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும் கொட்டகையிலும் இதே கதை. லசோட்டாவின் மறைமுகச் செலவு இதுதான்: மூச்சுப்பாதை சுத்தமாக இல்லாத மந்தையில் அதன் விலை குப்பியோடு நிற்காது.

ஐ.பி. எனப்படும் தொற்று மூச்சுக்குழாய் அழற்சிக்கும் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வைரஸும் ஒரே இடத்தில் பெருகுபவை, ஐ.பி. முந்திக்கொண்டால் லசோட்டாவுக்கு இடம் கிடைக்காது. இரண்டையும் சேர்த்துத் தயாரித்த குப்பியில் அளவு சரிபார்க்கப்பட்டிருக்கும். தனித்தனிக் குப்பிகளை வாங்கி நீங்களே கலக்காதீர்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

## ஐ-2: குளிர்சாதனப் பெட்டி எட்டாத இடத்துக்கு

வெப்பம் தாங்கும் ரகம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, வளரும் நாடுகளின் ஆய்வகங்கள் தாங்களே தயாரித்துக்கொள்ளும்படி மூலவித்து (பெருக்கிக்கொள்ளத் தொடக்க வைரஸ்) கொடுக்கப்பட்டது. தான்சானியா, மொசாம்பிக், வியட்நாம் போன்ற நாடுகளின் கிராமக் கோழிகளுக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கிறது. எந்த வயதுக் கோழிக்கும் ஒரே அளவு, கண்ணில் ஒரு சொட்டு. பல வயது கலந்த மந்தைக்கு இதைவிட வசதி வேறில்லை. முட்டையிடும் பெட்டைக்கும் போன வாரம் பொரித்த குஞ்சுக்கும் ஒரே நாளில் போட்டு முடிக்கலாம். தும்மலும் அவ்வளவாக இல்லை.

வெப்பம் தாங்கும் என்றால் எதையும் தாங்கும் என்று பொருளல்ல. நேரடி வெயில் பட்டால் இதுவும் சாகும். ஐஸ் இல்லாமல் ஊருக்குள் கொண்டுபோகும் சில நாள்களுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். இதன் மறைமுகச் செலவு நாள்காட்டியில் இருக்கிறது: ஏறத்தாழ நாலு மாதத்துக்கு ஒருமுறை, கோழி இருக்கும்வரை, திரும்பத் திரும்பப் போட வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஆர்வம் குறையும் இடம் இது. எல்லா நாட்டிலும் கடையில் கிடைப்பதுமில்லை.

## ஆர்2பி: வலுவானது, ஆனால் யோசித்துப் போட வேண்டியது

1940களில் இந்தியாவின் முக்தேசுவர் கால்நடை ஆய்வகத்தில், களத்தில் கிடைத்த வைரஸை முட்டைக் கருவில் பலமுறை கடத்திச் சாந்தப்படுத்தி உருவாக்கியது. சாந்தம் என்றாலும் நடுத்தர வீரியம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல், அதுவும் முன்பே எஃப் அல்லது லசோட்டா போட்ட கோழிக்கு மட்டும், தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது வழக்கம். தரும் எதிர்ப்பாற்றல் வலுவானது, பல மாதம் நிற்கும். தெற்காசியாவில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இதன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததல்ல.

மறுபக்கம்: முதல் டோஸ் பார்க்காத கோழிக்கோ சின்னக் குஞ்சுக்கோ போட்டால் கால் இழுக்கும், கழுத்து திருகும், சாகவும் செய்யும். முட்டையிடும் கோழிக்குப் போட்டால் முட்டை எண்ணிக்கை குறையும். வைரஸின் வீரியத்தை ஒரு நாள் குஞ்சுகளில் அளந்து 0 முதல் 2 வரை மதிப்பெண் தரும் சோதனை ஒன்று உண்டு. உலக விலங்கு சுகாதார அமைப்பின் வரையறைப்படி 0.7-ஐ எட்டினாலே அது வீரியமான வைரஸ். ஆர்2பி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பல நாடுகள் இதை அனுமதிக்காதது அதனால்தான்.

என் கருத்தைக் கேட்டால், பல வயதுக் கோழிகள் ஒன்றாகத் திரியும் முற்றத்தில் ஆர்2பி முதல் தேர்வாக இருக்கக் கூடாது. எது எப்போது பொரித்தது, எதற்கு எஃப் போட்டது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவருக்கு அது நல்ல ஆயுதம். நினைவை மட்டும் நம்பிப் போடுபவருக்கு அது ஆபத்து.

## எண்ணெய் ஊசி: முட்டைக் கோழிக்கு

வைரஸைக் கொன்று எண்ணெய்க் குழம்பில் கலந்தது. பெருகாது, தும்மல் கிடையாது, மைக்கோபிளாஸ்மா இருந்தாலும் கிளறாது. உயிர்த் தடுப்பூசி ஒன்றிரண்டு போட்ட கோழிக்கு, முட்டைக்கு வரும் முன் இதைப் போட்டால் எதிர்ப்புப்பொருள் மிக உயரத்துக்குப் போய் நெடுநாள் நிற்கும். ஒரு முறை உயிர்த் தடுப்பூசி போட்ட கோழியின் ரத்தச் சோதனையில் 4 முதல் 6 வரை வரும் எச்.ஐ. அளவு (எதிர்ப்புப்பொருள் எவ்வளவு என்று காட்டும் எண்), எண்ணெய் ஊசியோடு முடியும் திட்டத்தில் 11-ஐயும் தொடும். அந்த அளவு ஒவ்வொரு படி ஏறும்போதும் இரட்டிப்பு என்பதை நினைவில் வைத்தால் வித்தியாசம் புரியும்.

ஆனால் அது ரத்தத்தில் இருக்கும் காவல். கண், மூக்கின் ஈரச்சவ்வில் காவல் நிற்பது உயிர்த் தடுப்பூசியால்தான். எனவே முன்னால் எதுவும் போடாமல் எண்ணெய் ஊசியை மட்டும் போடுவது அரை வேலை.

மறைமுகச் செலவுகள் இங்கே அதிகம். ஒவ்வொரு கோழியாகப் பிடிக்க வேண்டும். குழம்பு உறைந்துவிட்டால் எண்ணெய் பிரிந்து வீணாகும். குளிர்ச்சியோடு குத்தினால் ஊசி திணறும், கட்டி விழும். முன்கூட்டியே வெளியே எடுத்து அறைச்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குத்திய பிறகு இறைச்சிக்கு அனுப்ப லேபிளில் சொன்ன நாள்வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கோழி துள்ளும்போது ஊசி உங்கள் விரலில் இறங்கிவிட்டால் சின்னக் காயம்தானே என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த எண்ணெய் விரலுக்குள் ரத்த ஓட்டத்தை நெரித்து, விரலையே எடுக்க வைக்கும். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## குஞ்சுப் பொரிப்பகத்திலேயே போடும் எச்.வி.டி. வகை

கோழிகளுக்கு வாதமும் கட்டியும் தரும் மேரெக்ஸ் நோய்க்குப் போடும் வான்கோழி ஹெர்பஸ் வைரஸுக்குள் (எச்.வி.டி. என்பது இதன் சுருக்கம்) வெள்ளைக்கழிச்சலின் இணைவுப் புரத மரபணுவைச் செருகிய தடுப்பூசி. அடைவைத்த 18-ஆம் நாளில் முட்டைக்குள்ளோ ஒரு நாள் குஞ்சுக்கோ ஒரே ஊசி. தாய் கொடுத்த எதிர்ப்புப்பொருளால் அவ்வளவாகப் பாதிக்கப்படாது, தும்மல் இல்லை, பாதுகாப்பு நெடுநாள் நிற்கும். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைக்க வேண்டியது என்பதால் வீட்டில் போடும் சமாசாரமில்லை. குஞ்சு வாங்கும்போது போட்டுத்தான் வருகிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதுதான் உங்கள் வேலை. பாதுகாப்பு முழுதாக எழ மூன்று நாலு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் நோய் சுற்றும் பகுதியாக இருந்தால் முதல் வாரத்தில் ஒரு உயிர்த் தடுப்பூசியும் தேவைப்படும்.

## ஒரே பார்வையில்

| தடுப்பூசி | யாருக்குப் பொருந்தும் | போடும் வழி | கவனிக்காமல் விடும் செலவு |
|---|---|---|---|
| எஃப், பி1 | இளம் குஞ்சு, முதல் டோஸ் | கண், மூக்குச் சொட்டு | பூஸ்டர் இல்லாவிட்டால் வீண் |
| லசோட்டா | பூஸ்டர், நோய் அழுத்தம் உள்ள இடம் | சொட்டு, குடிநீர், தெளிப்பு | சளி இருக்கும் மந்தையில் கிளறும் |
| ஐ-2 | கலப்பு வயது, ஐஸ் வசதி இல்லாத இடம் | கண் சொட்டு | நாலு மாதத்துக்கு ஒருமுறை |
| ஆர்2பி | முதல் டோஸ் முடிந்த, முட்டைக்கு வராத விடலை | தோலடி ஊசி | தவறான கோழிக்குப் போட்டால் சாவு. பல நாடுகளில் அனுமதியில்லை |
| எண்ணெய் ஊசி | முட்டை, தாய்க்கோழி மந்தை | ஒவ்வொன்றுக்கும் ஊசி | ஆள் கூலி, காத்திருப்பு, விரல் ஆபத்து |
| எச்.வி.டி. வகை | பொரிப்பகத்தில் வாங்கும் குஞ்சு | முட்டைக்குள் அல்லது முதல் நாள் ஊசி | தாமதமாக எழும் பாதுகாப்பு |

## கண்ணில் சொட்டா, தண்ணீரிலா?

ரகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். உண்மையில் பலன் கூடுவதும் குறைவதும் இங்கேதான்.

கண் சொட்டில் ஒவ்வொரு கோழிக்கும் முழு டோஸ் உறுதி. தலையைச் சாய்த்துப் பிடித்து, சொட்டுக்குப்பியை நிமிர்த்திப் பிடிக்காமல் நேராகக் கவிழ்த்து, கண்ணைத் தொடாமல் ஒரு சொட்டு. விழுந்த சொட்டு கண்ணின் மேல் கண்ணாடி போலப் பரவி நிற்கும். கோழி ஒருமுறை இமைத்தால் உள்ளே இறங்கிவிடும். அந்த ஒரு நொடி காத்திருக்காமல் கீழே விட்டால் கோழி தலையை உதறும், மருந்து தரையில். நீல நிறம் கலந்த கரைப்பான் கிடைத்தால் வாங்குங்கள்: போட்ட கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் நீலம் தெரியும். ஆளை வைத்துப் போடுபவர்களுக்கு இதைவிட நல்ல தணிக்கை இல்லை. போட்டு முடித்த கையால் உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள். மனிதருக்கும் இந்த வைரஸால் சில நாள் கண் சிவக்கும்.

குடிநீரில் கொடுப்பது ஆயிரக்கணக்கில் உள்ளவர்களுக்குத் தவிர்க்க முடியாதது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும். கொழுப்பு நீக்கிய பால்பொடியை லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவில் முதலில் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு மருந்தைக் கரைக்க வேண்டும். கிருமிநாசினியால் கழுவிய பாத்திரம், துருப்பிடித்த பாத்திரம் இரண்டும் ஆகாது. கோழியை ஒன்றிரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு மட்டும் வைக்க வேண்டும். அப்படியும் வலுத்த கோழி முதலில் முட்டி மோதிக் குடிக்கும், தொத்தல் கோழிக்குக் கடைசியில் மிஞ்சியதுதான். நோய் நுழையும் வாசலும் அந்தத் தொத்தல் கோழிதான். நூறு உருப்படிக்குக் கீழே வைத்திருப்பவர் குடிநீரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சாயங்காலம், கோழி அடைந்த பிறகு, இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.

100 டோஸ் குப்பியை 300 கோழிக்கு நீட்டித்துப் போடுவது இன்னொரு பழக்கம். உயிர்த் தடுப்பூசியில் ஒரு கோழிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் வைரஸ் அலகு போக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு போனால் மூவருக்குமே பாதுகாப்பு இருக்காது. மிஞ்சிய டோஸை வீணாக்க மனமில்லையென்றால் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் அதே நேரத்தில் போடுங்கள். அதனால் உங்கள் கோழிக்கும் லாபம்தான்.

## உங்கள் நிலைமைக்கு

பத்து முப்பது கோழி, எல்லா வயதும் கலந்து, திறந்துவிட்டு வளர்ப்பவர்: ஐ-2 கிடைத்தால் அதுவே, நாலு மாதத்துக்கு ஒருமுறை. கிடைக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் கண்ணில் எஃப், மூன்று நாலு வாரத்தில் லசோட்டா. அதன்பின் சில மாதத்துக்கு ஒருமுறை லசோட்டா. இடையில் பொரிக்கும் குஞ்சுகளுக்குத் தனியாக எஃப். மழை முடிவோ பனிக்காலமோ, உங்கள் பக்கம் நோய் வழக்கமாக வரும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு டோஸ் அமையும்படி தேதியை வையுங்கள்.

ஆறு ஏழு வாரத்தில் விற்றுவிடும் கறிக்கோழி: முதல் வாரம் எஃப் அல்லது பி1, மூன்றாம் நாலாம் வாரம் லசோட்டா போதும். பொரிப்பகத்தில் எச்.வி.டி. போட்டு வந்திருந்தால் லசோட்டாவைத் தவிர்க்கலாமா என்பது அக்கம்பக்கத்து நோய் நிலவரத்தைப் பொறுத்தது. எண்ணெய் ஊசிக்கும் ஆர்2பிக்கும் இங்கே வேலையில்லை.

முட்டைக் கோழி, தாய்க்கோழி: எஃப், லசோட்டா, மீண்டும் லசோட்டா, முட்டைக்கு வருமுன் எண்ணெய் ஊசி. முட்டைக் காலத்தில் ஆர்2பி வேண்டவே வேண்டாம்.

பக்கத்துத் தெருவில் நோய் வந்துவிட்டது, உங்களிடம் இன்னும் இல்லை: இது எண்ணெய் ஊசிக்கான நேரமில்லை, அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் வேண்டும். முன்பே ஒரு டோஸாவது பார்த்த கோழிகளுக்குக் கண்ணில் லசோட்டா, இன்றைக்கே. ஒன்றுமே பார்க்காதவற்றுக்குக் கண்ணில் எஃப் அல்லது ஐ-2. வெளியாள், வெளிக்கோழி, இரவல் கூண்டு, இரவல் முட்டை அட்டை எதுவும் உள்ளே வரக் கூடாது.

உங்கள் கொட்டகையிலேயே வந்துவிட்டது: முதல் வேலை கால்நடை மருத்துவருக்குச் சொல்வது. திடீரென்று கூட்டமாகச் சாகும்போது பறவைக் காய்ச்சலும் வெளிப்பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும், ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும். அதற்குமுன் செத்த கோழியை அறுக்காதீர்கள், விற்காதீர்கள். ஏற்கெனவே வைரஸ் ஏறிய கோழியைத் தடுப்பூசி காப்பாற்றாது. ஒரே ஊசியால் மந்தை முழுக்கக் குத்திக்கொண்டு போனால் நோயை நீங்களே வரிசையாகக் கடத்துகிறீர்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகி, தனியாக இருக்கும் நலமான கோழிகளுக்குப் போடலாம் என்று மருத்துவர் சொன்னால் கண் சொட்டு மட்டும், அதுவும் நலமானவற்றில் தொடங்கி. எல்லாம் ஓய்ந்து கொட்டகையைக் கழுவி ஆறவிட்ட பிறகு புதிதாக வாங்கும் கோழிகளை இரண்டு டோஸ் முடித்து, கடைசி டோஸிலிருந்து இரண்டு வாரம் கழித்தே உள்ளே விடுங்கள்.